உறங்கும் அறை எது என்று அறிந்தவர்கள்



ஜப்பானின் அவாஜித் தீவில் ஹொகுதான் என்றொரு சிற்றூர் இருந்தது. 2005இல் அண்டை ஊர்களோடு இணைக்கப்பட்டு இன்று அவாஜி நகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. உழவும் மீன்பிடியும் செய்து வாழும் மக்கள். இளையோர் பலர் நகரங்களுக்குப் போய்விட, முதியோர் மிகுந்த ஊர். 1995ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் விடியற்காலை 5.46 மணிக்கு, கோபே நகரைச் சிதைத்த அந்தப் பெரு நிலநடுக்கம் நேர்ந்தபோது, நொஜிமா என்னும் நிலப்பிளவு இவ்வூரின் வழியாகவே வெடித்து மேலெழுந்தது. ஓடு வேய்ந்த மரவீடுகள் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது சரிந்தன.

இவ்வூரைப் பற்றி நான் முதலில் படித்தபோது என்னைத் தடுத்து நிறுத்தியது ஒரு சிறு செய்தி. இடிபாடுகளுள் சிக்கிய ஏறத்தாழ 300 பேரை ஊராரே வெளியே எடுத்தனர். அன்று மாலைக்குள் தேடுதல் முற்றுப்பெற்றது. கணக்கில் வராதவர் என்று ஒருவரும் எஞ்சவில்லை. 39 பேர் இறந்தனர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வளவு பெரிய அழிவில் ஒரே பகலில் ஓர் ஊர் தன் மக்கள் அனைவரையும் எண்ணி முடித்தது எப்படி என்ற கேள்விக்குக் கிடைத்த விடை மிக எளியது. ஊரின் தீயணைப்புத் தொண்டர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும், எந்த வீட்டு முதியவர் எந்த அறையில் படுப்பார் என்பது தெரிந்திருந்தது. சரிந்து கிடந்த கூரையின் எந்த மூலையைப் பிரிக்க வேண்டும் என்று அவர்கள் தேடவில்லை. நேரே அங்கே போய்த் தோண்டினார்கள்.

கடலுக்கு அப்பால் கோபேயிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் நிலைமை வேறு. மொத்தம் 6,434 உயிர்கள் போயின. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவர்கள். பழைய மரவீடுகளின் கீழ்த்தளத்தில் வாடகைக்குத் தங்கியிருந்த முதியவர்கள் பலர் மேல்தளத்தின் பளு தாங்காமல் நசுங்கி இறந்தனர். பேரிடர் ஆய்வாளர்கள் பின்னர் செய்த மதிப்பீடு ஒன்று உண்டு. மீட்கப்பட வேண்டிய நிலையில் சிக்கிக்கொண்டோர் சுமார் 35,000 பேர். அவர்களுள் சுமார் 27,000 பேரை வெளியே எடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார். காவல்துறை, தீயணைப்புத்துறை, தற்காப்புப் படை மூன்றும் சேர்ந்து மீட்டவர்கள் சுமார் 8,000 பேர். நகரத்திலும் அண்டை வீட்டார்தான் முதலில் வந்தார்கள். ஆனால் எங்கே தோண்டுவது என்பது அவர்களுள் எல்லாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

நகரம் என்றாலே அறிமுகமின்மை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கோபேயின் நகதா வட்டாரத்தில் மானோ என்றொரு பகுதி. சிறு தொழிற்கூடங்களும் நெருக்கமான வரிசை வீடுகளும் நிறைந்த இடம். 1960களில் தொழிற்சாலைப் புகைக்கு எதிராகத் திரண்ட அப்பகுதி மக்கள், பிறகு அந்தத் திரட்சியைக் கலையவிடாமல் தனித்து வாழும் முதியவர்களைக் கூட்டி வைத்து உணவளிப்பது போன்ற பணிகளில் திருப்பிவிட்டிருந்தனர். நிலநடுக்கத்திற்குப் பின் நகதா பற்றியெரிந்தபோது, மானோவாசிகள் வாளிகளைக் கைமாற்றி ஊற்றியும், அங்கிருந்த பெல்ட் தொழிற்சாலையின் தீயணைப்புக் குழுவைத் துணைக்கொண்டும் தம் பகுதியில் தீ பரவாமல் தடுத்தனர். முப்பதாண்டுப் பழக்கம் ஒரு காலைப்பொழுதில் பயன்பட்டது.

நிற்க. ஓர் ஊரில் யார் எப்படி வாழ்கிறார் என்று அறிந்து வைத்திருப்பதையே ஒருவருக்குப் பணியாகக் கொடுக்கலாம் என்ற எண்ணம் ஜப்பானில் 1995இல் தோன்றியதன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

1916ஆம் ஆண்டு மே மாதம். மாகாண ஆளுநர்களின் கூட்டத்தில் தைஷோ பேரரசர், ஒகயாமா மாகாண ஆளுநர் கசாய் ஷினிச்சியை நோக்கி, உம் மாகாணத்து ஏழைகளின் வாழ்க்கை எவ்வாறு உள்ளது என்று கேட்டார். ஆளுநரிடம் விடை இல்லை. ஊர் திரும்பியதும் ஆய்வு செய்யச் சொன்னார். மக்களில் பத்தில் ஒருவர் கொடிய வறுமையில் உழல்வது தெரியவந்தது. அதன் விளைவாக 1917 மே 12ஆம் நாள் 'சைசெய் கோமோன்' என்னும் முறையை ஏற்படுத்தினார். உலகோருக்கு உதவும் அறிவுரையாளர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஊரில் மதிப்பு மிக்கவர்கள் ஊதியமின்றி வறியோரை அறிந்து உதவ வேண்டும் என்பது திட்டம். மே 12 இன்றும் அந்நாட்டில் இப்பணியாளர்களின் நாளாகக் கொள்ளப்படுகிறது.

அடுத்த ஆண்டு, 1918. அரிசி விலை ஏறி, நாடெங்கும் கலகம் மூண்ட ஆண்டு. ஒசாகாவின் ஆளுநர் ஹயாஷி இச்சிஸோ முடிதிருத்தும் கடையில் அமர்ந்திருந்தாராம். எதிரே இருந்த கண்ணாடியில், தெருவில் குழந்தையோடு நின்று மாலைச் செய்தித்தாள் விற்கும் ஒரு பெண்ணின் உருவம் தெரிந்தது. அவள் வீட்டு நிலையை விசாரித்து வரச் செய்தார். நோயில் விழுந்த கணவன், பள்ளிக்குப் போக வழியற்ற பிள்ளைகள். இதுபோல் இன்னும் எத்தனை வீடுகளோ என்று எண்ணிய ஆளுநர், ஒகாவா ஷிகெஜிரோ என்னும் அறிஞரின் துணையுடன் அவ்வாண்டு அக்டோபரில் 'ஹோமென்-இன்' முறையைத் தொடங்கினார். வட்டார உறுப்பினர் என்பது பொருள். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு சிறு வட்டாரம். அதிலுள்ள வீடுகளுக்கு நடந்து சென்று நிலைமையை அறிந்து குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இலக்கியம் பயிற்றும் எனக்கு இந்தக் கண்ணாடிக் கதையின் மீது ஓர் ஐயம் உண்டு. தோற்றக் கதைகள் எப்போதும் சற்று அதிகமாகவே அழகாக அமைந்துவிடும். ஆனால் இரு கதைகளிலும் பொதுவாக உள்ள ஒன்றைக் கவனியுங்கள். அதிகாரத்தில் இருப்பவர் தமக்குத் தெரியாது என்று உணர்கிறார். ஒகயாமாவில் அவர் நாடியவர்கள் ஊர்ப் பெரியவர்கள். ஒசாகாவில் கடைக்காரர், சிறு தொழில் செய்வோர் போன்று மக்களோடு அன்றாடம் புழங்குவோர். நிலைத்ததும் நாடெங்கும் பரவியதும் ஒசாகா முறையே. 1928க்குள் எல்லா மாகாணங்களிலும் வட்டார உறுப்பினர்கள் இருந்தனர்.

அறிந்து வைத்தவர்கள் அறிந்ததோடு நிற்க முடியவில்லை என்பது இவ்வரலாற்றின் அடுத்த கட்டம். 1929இல் வறியோர் உதவிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் அதனால் பயன்பெற வேண்டும். ஆனால் பணமில்லை என்று சொல்லி அரசு அதை நடைமுறைப்படுத்தாமல் வைத்திருந்தது. உதவி வரும் என்று தம் வட்டாரத்து வீடுகளில் சொல்லிவிட்டு வந்த உறுப்பினர்களுக்கு அவ்வீடுகளின் வாசலில் மீண்டும் நிற்கக் கூச்சம். தொழிலதிபர் ஷிபுசாவா எய்ச்சியிடம் போய் முறையிட்டனர். தொண்ணூறு வயது, உடல்நலமில்லை, மருத்துவர் தடுக்கிறார். அவரோ எழுந்து அமைச்சர்களைப் பார்க்கப் புறப்பட்டுவிட்டார். (2024 ஜூலையில் வெளியான 10,000 யென் தாளில் இருப்பது இவருடைய முகந்தான்.) 1931இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பெயரிட்டுப் பேரரசருக்கே விண்ணப்பம் எழுதினர். ஒருவழியாகக் குதிரைப் பந்தய வருவாயிலிருந்து பணம் ஒதுக்கப்பட்டு, 1932 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஷிபுசாவா அதற்கு இரண்டு மாதம் முன்னரே காலமாகிவிட்டார். வறியோர் உதவிக்குப் பந்தயப் பணம் என்பதில் உள்ள முரணை நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் ஒளிப்பக்கம். அண்டை வீட்டாரை அறிதல் என்பதற்கு இருண்ட பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் வருவது விளங்காது.

1940இல், போர்க்காலத்தில், அரசு நாடு முழுவதையும் 'தொனாரிகுமி' என்னும் அண்டைவீட்டுக் குழுக்களாகப் பிரித்தது. பத்து வீடு, பதினைந்து வீடு கொண்ட குழுக்கள். உணவுப் பங்கீடு இக்குழு வழியே. தீயணைப்புப் பயிற்சி இக்குழு வழியே. போருக்கு எதிராக எவரேனும் முணுமுணுத்தால் அச்செய்தி மேலே செல்வதும் இக்குழு வழியே. பங்கீட்டு அரிசி குழுவின் கையில் இருக்கும்போது எவரால் விலகி நிற்க முடியும்? வட்டார உறுப்பினர்களும் போர்வீரர் குடும்பங்களைப் பேணும் பணியில் இழுத்துக்கொள்ளப்பட்டனர். போர் முடிந்தபின் 1947இல் நேசநாடுகளின் ஆட்சி இக்குழுக்களைக் கலைத்தது. ஆயினும் அண்டை வீட்டார் நம்மைக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்ற அச்சம் ஒரு தலைமுறையின் எலும்பில் ஏறிவிட்டது.

இங்கே ஒரு சொல்லாராய்ச்சி. என் தொழிலை முன்னிட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். முதியோரைக் குறித்த இத்தகைய பணியை ஜப்பானியர் 'மிமமோரி' என்கின்றனர். பார்த்தல், காத்தல் என்னும் இரு வினைகள் சேர்ந்த சொல். இதைத் தமிழில் 'கண்காணிப்பு' என்று பெயர்த்தால் பிழையாகிவிடும். கண்காணி என்னும் நல்ல சொல் தேயிலைத் தோட்டங்களில் கங்காணியாகி எத்தனை பேரின் முதுகை வளைத்தது என்பதை நாம் அறிவோம். ஆனால் நம் பேச்சில் 'பார்த்துக்கொள்' என்றொரு வினை இருக்கிறதே! அம்மாவைப் பார்த்துக்கொள், வீட்டைப் பார்த்துக்கொள் என்கிறோம். அங்கே பார்ப்பதும் காப்பதும் ஒன்றே. ஒரே பார்வை எப்போது பார்த்துக்கொள்வதாகவும் எப்போது கண்காணிப்பதாகவும் இருக்கிறது என்பதுதான் ஜப்பானியர் போருக்குப் பின் எதிர்கொண்ட சிக்கல்.

1946இல் வட்டார உறுப்பினருக்கு 'மின்செய்-இன்' என்ற புதுப் பெயர் வந்தது. மக்கள் வாழ்வுப் பொறுப்பாளர் என்று சொல்லலாம். 1948இல் அதற்குத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் மக்களின் வாழ்நிலையைத் தேவைக்கேற்ப அறிந்து வைத்திருப்பதை அவர்களுடைய கடமை என்கிறது. அறிந்ததை வெளியே சொல்லக்கூடாது என்பதையும் கடமையாக்குகிறது. ஊதியம் கிடையாது, சிறு செலவுத்தொகை மட்டும். பதவிக்காலம் மூன்றாண்டு. அஞ்சல்பெட்டியில் செய்தித்தாள் சேர்ந்து கிடக்கிறதா, மழைக்காப்புக் கதவு பகலிலும் சாத்தியிருக்கிறதா, துணி உலர்த்தியது உலர்த்தியபடியே தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே தெருவில் நடக்கும் மனிதர்கள் இவர்கள்.

பார்வையின் வலிமைக்கு ஒரு சான்று. 1968இல் நாடெங்கும் உள்ள பொறுப்பாளர்கள் வீடு வீடாகச் சென்று, எழுந்து நடமாட முடியாமல் படுக்கையில் கிடக்கும் முதியவர்களைக் கணக்கெடுத்தனர். ஒலிம்பிக் போட்டி நடத்தி முடித்து, அதிவேக இரயில் விட்டுப் பெருமிதத்தில் இருந்த நாடு அது. சுமார் 2,00,000 பேர் படுத்த படுக்கையாக வீடுகளின் உள்ளறைகளில் இருப்பதாகக் கணக்கு சொன்னது. பெரும்பாலும் மருமகள்களின் தோளில் இருந்த சுமை அன்றுதான் பொதுப் பேச்சுக்கு வந்தது.

மீண்டும் 1995க்கு வருவோம். உயிர் பிழைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது ஹொகுதான் கதையைவிடக் கசப்பானது. வீடிழந்தோருக்கென ஹியோகோ மாகாணத்தில் 48,000க்கும் மேற்பட்ட தற்காலிகக் குடில்கள் எழுப்பப்பட்டன. நகருக்குள் இடமில்லாமையால் பல குடியிருப்புகள் தொலைவிலிருந்த மேட்டு நிலங்களில் அமைந்தன. குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கினார்கள். அதில் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விளைவு என்ன? தனித்து வாழும் முதியோரும் நோயாளரும் ஒருவரையொருவர் அறியாத வரிசைகளில் ஒன்றாகக் குவிக்கப்பட்டனர். ஓடி வந்து உதவக்கூடிய பழைய அண்டை வீட்டார் வேறெங்கோ காத்திருந்தனர். முதியவரை மண்ணிலிருந்து தோண்டி எடுத்த கைகளிலிருந்து அவரைப் பிரித்துத் தனியே குடியமர்த்தியதற்கு ஒப்பானது அது.

'கொதோகுஷி' என்னும் சொல் அப்போதுதான் நாளிதழ்களில் நிலைபெற்றது. தனிமைச் சாவு. யாரும் அறியாமல் இறந்து, சில நாளோ பல நாளோ கழித்துக் கண்டெடுக்கப்படுதல். தற்காலிகக் குடில்களில் மட்டும் அவ்வாறு இறந்தவர்கள் 233 பேர். வேலையிழந்து குடியில் விழுந்த ஐம்பது, அறுபது வயது ஆண்கள் அவர்களுள் கணிசமானோர். இதை நான் படிக்கும்வரை தனிமை என்பது எண்பது வயதின் சிக்கல் என்றே எண்ணியிருந்தேன். பின்னர் அடுக்குமாடி வீடுகள் கட்டிக்கொடுத்த பிறகும் இது நிற்கவில்லை. அவ்வீடுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில் குரோதா யூகோ என்னும் செவிலியரைச் சொல்ல வேண்டும். தகராஸுகா நகர மருத்துவமனையில் உயர்பொறுப்பில் இருந்தவர். நிலநடுக்கத்திற்குப் பின் வேலையை விட்டுவிட்டு, செய்ஷின் ஏழாம் குடியிருப்பு என்னும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடில்கள் கொண்ட முகாமிலேயே தங்கி, தோழர்களோடு இரவும் பகலும் குடில் குடிலாகச் சுற்றினார். விளக்கு எரிகிறதா, மின்மானி ஓடுகிறதா, கதவைத் தட்டினால் குரல் வருகிறதா? தேநீர் அருந்தக் கூடுமிடம் ஒன்றை உண்டாக்கி, வராதவர் யார் என்று பார்த்தார். வந்தவர்களை எண்ணுவதைவிட வராதவரை எண்ணுவது முக்கியம் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்கும். 2011 பேரிடருக்குப் பின் வடகிழக்கே கெசென்னுமாவுக்கும் போய் இதே பணியைச் செய்தார். 2014இல் மறைந்தார். புதுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. வட்டார உறுப்பினர் ஒருவர் செய்திருக்கக்கூடிய வேலைதான். அந்த வட்டாரமே கலைந்துபோன இடத்தில் அவர் அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது.

கோபேயின் பாடத்தைத் தாளில் எழுதி வைத்த ஊர் ஒன்றும் உண்டு. நோதோ தீவக்குறையில் வாஜிமா நகராட்சிக்கு உட்பட்ட மொன்ஸென். மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 65 வயதைக் கடந்தவர்கள். அங்குள்ள மின்செய்-இன்கள் ஊர் வரைபடத்தை எடுத்து, படுக்கையில் இருப்போர் வீட்டுக்கு இளஞ்சிவப்பும் தனித்திருப்போர் வீட்டுக்கு மஞ்சளுமாக வண்ணம் தீட்டி வைத்திருந்தனர். 2007 மார்ச் 25, ஞாயிறு காலை நிலம் அதிர்ந்தது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரவர் ஓடினர். ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் வண்ணமிட்ட எல்லா வீடுகளிலும் இருந்தோரின் நிலை தெரிந்துவிட்டது.

மொன்ஸென் ஒரு விதிவிலக்கு. ஏனெனில் அதற்கு இரண்டாண்டு முன்னர், 2005 ஏப்ரலில், தனிநபர் தகவல் காப்புச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தது. தொனாரிகுமியின் நினைவுள்ள சமூகத்தில் அத்தகைய சட்டம் வேண்டாததன்று. ஆனால் நகராட்சிகள் அதை அளவுக்கு மீறிப் பொருள்கொண்டன. தனித்து வாழும் முதியவர்களின் பெயர்ப் பட்டியல் எங்களிடம் உண்டு, ஆனால் தரமாட்டோம் என்று மின்செய்-இன்களிடமே சொல்லின. யாருக்காகப் பட்டியலோ அவரிடம் போகவேண்டியவரின் கைக்கு அது வரவில்லை. தமக்கு உதவி வேண்டும் என்று முதியவரே முன்வந்து பதிவு செய்துகொள்ளட்டும் என்று பல ஊர்கள் விட்டுவிட்டன. உதவி மிகத் தேவைப்படுபவர்தாம் மிகக் கடைசியில் கை உயர்த்துவார் என்பது எந்த வகுப்பறையிலும் தெரிகிற உண்மை.

இந்நிலையில் 2011 மார்ச் 11 வந்தது. பிற்பகல் 2.46 மணிக்கு 9.0 அளவில் நிலநடுக்கம், அதன்பின் கடல். நாம் 2004 டிசம்பரில் கற்றுக்கொண்ட சொல் அவர்களுடையது. 'ட்சு' துறைமுகம், 'நாமி' அலை. ஆழிப்பேரலை என்று நாம் நல்ல தமிழாக்கம் செய்துகொண்டபோதும் கடலோரத்தில் அனைவர் வாயிலும் சுனாமிதான் நிலைத்தது.

சுமார் 15,900 பேர் இறந்தனர். 2,500க்கும் மேற்பட்டோர் இன்னும் கிடைக்கவில்லை. வயது தெரிந்த இறந்தோரில் மூன்றில் இரு பங்குக்கு அருகில் 60ஐக் கடந்தவர்கள். அவர்களோடு மின்செய்-இன்கள் 56 பேரும் போயினர். நிலநடுக்கத்திற்கும் அலைக்கும் இடைப்பட்ட நேரம் பல ஊர்களில் அரைமணி இருந்தது. மேட்டுக்குப் போய்விடலாம். தம் பட்டியலில் உள்ள பாட்டியை, தாத்தாவை அழைத்துவரக் கீழே போனவர்களும் அந்த 56 பேருள் உண்டு. அலைத்தடுப்புக் கதவுகளை மூடப்போன, வீடு வீடாகக் குரல் கொடுக்கப்போன தீயணைப்புத் தொண்டர்களுள் இறந்தவரும் காணாமற்போனவரும் 254 பேர்.

இவ்வரலாற்றில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இது. மேலை வீட்டு மூதாட்டியால் எழுந்து நடக்க முடியாது என்று தெரியாதவனுக்கு மேட்டுக்கு ஓடுவதில் தயக்கமில்லை. தெரிந்தவனுக்கு அது எளிதன்று. ஹொகுதானில் உயிர் காத்த அதே அறிவு இங்கே உயிரைக் கேட்டது. ஊதியமில்லாப் பணியாளர், பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர், அவரிடம் ஒரு சமூகம் இவ்வளவு கேட்கலாமா? அவர்களுடைய நாடளாவிய அமைப்பு 2006 முதல் 'பேரிடரில் ஒருவரையும் விட்டுவிடமாட்டோம்' என்ற பொருள்படும் இயக்கத்தை நடத்தி வந்தது. 2011க்குப் பின் அவ்வமைப்பின் வழிகாட்டிகள், முதலில் உம்மையும் உம் குடும்பத்தையும் காத்துக்கொள்ளும் என்று அழுத்திச் சொல்லத் தொடங்கின. அறிவுரை சரியானது. ஆனால் அந்த அரைமணி நேரத்தில் அது நினைவுக்கு வருமா என்பதை வழிகாட்டியால் தீர்மானிக்க முடியாது.

2013இல் பேரிடர்ச் சட்டம் திருத்தப்பட்டது. தாமாக வெளியேற இயலாதோரின் பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருப்பது கட்டாயமாயிற்று. சம்மதம் தந்தவர்களின் பெயர்கள் முன்கூட்டியே மின்செய்-இன்களுக்கும் ஊர் அமைப்புகளுக்கும் தரப்படும்; பேரிடர் நேர்ந்துவிட்டால் சம்மதமின்றியும் தரலாம். பட்டியல் சிக்கல் ஒருவாறு தீர்ந்தது.

தீர்ந்ததா? 2018 ஜூலை 6, 7 நாள்களில் மேற்கு ஜப்பானில் பெருமழை. குராஷிக்கி நகரின் மாபி என்னும் பகுதியில் ஆற்றின் கரைகள் உடைந்து, தாழ்ந்த இடங்களில் ஐந்து மீட்டர் வரை நீர் நின்றது. நீர் சூழும் பரப்பை நகராட்சி முன்னரே வரைபடமாக அச்சிட்டுக் கொடுத்திருந்தது; ஏறக்குறைய அதே பரப்பில்தான் நீர் நின்றது. இறந்தவர் 51 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு அருகில் 65 வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் சட்டப்படியான பட்டியலில் இருந்தன. மாடியுள்ள வீடுகளிலேயே, மாடிக்கு ஏற இயலாமல், கீழ்த்தளத்தில் பலர் இறந்து கிடந்தனர். வரைபடம் இருந்தது, பட்டியல் இருந்தது. அந்தப் படிக்கட்டில் தூக்கிவிட யார் வருவார் என்பதுமட்டும் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

குராஷிக்கி ஒகயாமா மாகாணத்தில் உள்ளது. உம் ஏழைகள் எப்படி வாழ்கின்றனர் என்ற கேள்விக்கு விடை தெரியாமல் ஆளுநர் கசாய் நின்ற அதே மாகாணம்.

2021இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வெளியேற்றத் திட்டம் எழுத நகராட்சிகள் முயல வேண்டும் என்றாயிற்று. கட்டாயம் அன்று, முயற்சி. மாபியில் வெள்ளம் புகுந்த ஒரு சிறு அடுக்கு வீட்டைப் புதுப்பித்தவர்கள், தெருவிலிருந்து மாடிக்குச் சக்கர நாற்காலி ஏறும்படி சாய்தளம் அமைத்து, மேலே அக்கம்பக்கத்து முதியோர் வந்து தங்க ஓர் அறையும் ஒதுக்கினர். அடுத்த முறை பள்ளிக்கூடம் வரை போக வேண்டியதில்லை. இருபது வீடு தள்ளிப் போனால் போதும். இத்தகைய சிறு ஏற்பாடுகளே எனக்குச் சட்டங்களைவிட நம்பிக்கை தருகின்றன.

மறுபுறம், போவதற்கு ஆள் குறைந்து வருகிறது. நாடு முழுவதும் மின்செய்-இன் இடங்கள் சுமார் 2,40,000. 2022 டிசம்பரில் மூன்றாண்டுக்கொரு முறை நடக்கும் நியமனம் முடிந்தபோது 15,000க்கும் மேற்பட்டவை நிரப்ப ஆளின்றிக் கிடந்தன. இருப்போரும் பெரும்பாலும் முதியவர்களே. 2024 ஜனவரி 1, மாலை 4.10க்கு நோதோ மீண்டும் அதிர்ந்தது. மொன்ஸெனும் தப்பவில்லை. இடிபாடுகளில் நேரே இறந்தவர்கள் இருநூற்றுக்கு மேல். குளிரிலும் முகாம்களிலும் இடமாற்றத்திலும் நலிந்து பின்னர் இறந்தவர்களின் எண்ணிக்கை அதனையும் மிஞ்சியது. இவ்விரண்டாம் வகையினரில் மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். கோபேயின் குடில்களில் தொடங்கிய கணக்கு இன்னும் மூடப்படவில்லை.

தனிநபர் வெளியேற்றத் திட்டத்திற்கு அரசு தந்த மாதிரிப் படிவத்தைப் பார்த்தேன். பெயர், வயது, குடும்பத்தார் தொடர்பு என்று வழக்கமான கட்டங்கள். அவற்றினூடே இரண்டு கட்டங்கள்: பகலில் வழக்கமாக இருக்கும் அறை எது, படுக்கும் அறை வீட்டில் எங்குள்ளது. ஹொகுதான்காரர்கள் தலைக்குள் வைத்திருந்தது படிவத்தில் ஏறிவிட்டது. இவற்றை முதியவரிடம் கேட்டு நிரப்பிவிடலாம். அழைத்துச் செல்ல வரும் அண்டை வீட்டாரின் பெயருக்கும் அதில் இடம் உண்டு. பல ஊர்களில் அலுவலர்கள் நிரப்பத் திணறிக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான்.